மண் உட்காரும் வரை: எங்கள் ஊற்றுக் குழாயை மறுபடியும் போட்டுத் தந்த குழுவைப் பற்றி

கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகிற சாலையில் பாதி தூரம் வந்து, தேயிலைக்குள் கீழே இறங்கினால் எங்கள் குடியிருப்பு. மொத்தம் பதினோரு வீடுகள். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேலே சோலைக்குள் இருக்கிற ஊற்றுதான். அங்கிருந்து ஒரே ஒரு குழாய் கீழே வந்து தொட்டியில் விழும், தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் பிரியும்.

முந்தின வருஷம் ஐப்பசி மழையில் சோலைக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த சரிவு இறங்கிவிட்டது. குழாய் போனது. அதை ஒட்டிப் போன சிமெண்ட் பாதையும் நாற்பது அடிக்கு இல்லாமல் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் ஒரே வாரத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு ராத்திரியில் மண் இறங்குகிற சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு தடவை ஆள் வைத்தோம். முதல் ஆள் செய்த வேலை ஐந்து வாரம் நின்றது. இரண்டாவதாக வந்த குழு செய்த வேலை ஒரு முழு வருஷ மழையைத் தாண்டி நிற்கிறது. நான் எழுதுவது அந்த இரண்டாவது குழுவைப் பற்றி. பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று மேஸ்திரியே கேட்டுக்கொண்டார், ஏற்கனவே கைகொள்ளாத வேலை என்றார். அதனால் அவர்கள் வேலை செய்கிற விதத்தை எழுதுகிறேன். அதை வைத்து நீங்கள் உங்கள் ஊரில் வருகிற ஆளை எடைபோட்டுக்கொள்ளலாம்.

நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியவள். எரிமலைப் பாடம் வந்தால் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நம்ம மலை வெடிக்குமா?" என்று கேட்கும். வெடிக்காது. நீலகிரி எரிமலை கக்கி உண்டான மலை இல்லை. இது சார்னோக்கைட் பாறை, சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற அதே வகை, மிக மிகப் பழையது. எங்களுக்கு ஆபத்து பாறையிலிருந்து வருவதில்லை. அதற்கு மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிப்போய் உட்கார்ந்திருக்கிற செம்மண்ணில் இருந்து வருகிறது. தண்ணீரை ஒரு அளவு வரைக்கும் குடிக்கும், அதற்கு மேல் போனால் பாறையை விட்டு வழுக்கும். பாடம் நடத்திய காலத்தில் இருந்தே உலகத்தில் எங்கே எரிமலை வெடித்தாலும் அந்த ஊர் ஜனங்கள் அப்புறம் எப்படிச் சாலை போட்டார்கள், எப்படித் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்று தேடிப் படிப்பேன். வெடிக்கிற படத்தை எல்லோரும் காட்டுவார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பழக்கம் என் வீட்டுத் தண்ணீருக்கே உதவும் என்று நினைக்கவில்லை.

முதலில் வந்தவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை விட்ட நாலாம் நாள் வந்தார். இறங்கிக் கிடந்த மண்ணிலேயே இரண்டடிக்குச் சால் வெட்டினார், பிவிசி பைப்பைப் போட்டார், சொல்யூஷன் தடவி ஒட்டினார், மேலே மண்ணைத் தள்ளி அதற்கு மேல் கான்கிரீட் பாதையை ஊற்றிவிட்டார். இரண்டரை நாளில் வேலை முடிந்தது. தண்ணீர் வந்ததும் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். 62,000 ரூபாய். கார்த்திகைக் கடைசியில் ஒரு சின்ன மழை பெய்தது, அதிகம் இல்லை. தொட்டியில் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வழியில்லை, குழாய் கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கிறதே. நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஒன்பது நாளும் ஊற்றுத் தண்ணீர் பாதி அந்தச் சரிவுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்கனவே இறங்கிய மண்ணுக்கு நாங்களே தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். பத்தாம் நாள் கான்கிரீட் பாதை நடுவில் பலகை முறிந்த மாதிரி முறிந்தது. அடியில் மண் ஒரு முழம் கீழே போயிருந்தது. பிவிசி இரண்டு இடத்தில் விட்டிருந்தது. அவருக்குப் போன் செய்தோம், மழைக்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

அப்புறம்தான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுத் தம்பி இந்த மேஸ்திரியைக் கூட்டிவந்தார். ஐம்பது வயசு இருக்கும். அப்பா அம்மா சிலோனிலிருந்து திரும்பிவந்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். கூட அவருடைய அக்கா மகன், இன்னும் இரண்டு ஆண்கள், கல் சுமக்க இரண்டு அக்காமார். இவ்வளவுதான் குழு.

வந்த அன்றைக்கு விலை சொல்லவில்லை. அளவு நாடாவையும் எடுக்கவில்லை. சரிவின் இந்தப் பக்கம் கெட்டியான தரையில் ஒரு முளை, அந்தப் பக்கம் கெட்டியான தரையில் ஒரு முளை அடித்து, நடுவே நேராக நைலான் கயிறு கட்டினார். கயிற்றுக்கு நேர் கீழே சரிந்த மண்ணில் ஆறு முளைகள். எட்டையும் மூங்கிலில் சீவி வைத்திருந்தார். "பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன் டீச்சர். முளை கயித்தை விட்டு எவ்வளவு வெலகுதுன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் பதினைந்து நாள் எப்படி இருப்பது? பிக்கப்பில் ஆயிரம் லிட்டர் 600 ரூபாய்க்கு வாங்கி, மெயின் ரோட்டிலிருந்து குடத்தில் சுமந்துகொண்டிருந்தோம். எனக்கும் முதலில் இது வேண்டாத வேலையாகத்தான் பட்டது. ஆனால் மூன்றாம் நாள் மேஸ்திரி சொல்லாமல் வந்தார், தோளில் ஒரு ஓஸ் சுருளோடு. ஒரு இஞ்ச் கருப்பு ஓஸை ஊற்றிலிருந்து எடுத்து, சரிவுக்கு மேல் பக்கமாகச் சில்வர் ஓக் மரங்களில் கட்டிச் சுற்றிக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது, ஆனால் குடிக்கவும் சமைக்கவும் போதும். அதற்குக் கூலி கேட்கவில்லை, ஓஸ் விலை மட்டும் வாங்கினார். வேலையே ஒப்புக்கொள்ளாத ஆள் இதைச் செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

நோட்டில் நான்தான் எழுதினேன். ஓரத்து முளைகள் அசையவில்லை. நடுவில் இருந்த மூன்றும் மழையே இல்லாத அந்தப் பதினைந்து நாளில் இரண்டு விரல், மூன்று விரல், இரண்டு விரல் என்று கீழே நகர்ந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாமல் மண் நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி நோட்டை வாங்கிப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "மண்ணு இன்னும் ஒக்காரல டீச்சர்" என்றார். "ஒக்கார ஒரு மழைக்காலம் ஆகும். அதுவரைக்கும் இதுக்குள்ள எதையும் பொதைக்கக் கூடாது."

அவருடைய திட்டம் இது. கெட்டித் தரையில் குழாயைப் புதைப்பது. சரிந்த 140 மீட்டரில் மட்டும் புதைக்காமல் தரைக்கு மேலேயே கிடத்துவது. பிவிசி கிடையாது, ஹெச்டிபிஇ என்கிற வளைந்து கொடுக்கும் கருப்புப் பிளாஸ்டிக் குழாய், 63 மில்லி, பத்து கிலோ அழுத்தம் தாங்குகிற ரகம். சரிவின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு வால்வு.

என் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடிப் பேசினோம். மேலே கிடக்கிற குழாய் தற்காலிக வேலை மாதிரி இருக்கிறதே, முழுக் காசு எதற்கு என்று ஒருவர் கேட்டார். காட்டெருமை மிதிக்குமே என்று இன்னொருவர். வெயிலில் பிளாஸ்டிக் வெடிக்காதா என்று என் ஓர்ப்படி. எல்லாம் நியாயமான கேள்விதான். அப்போது எனக்கு ஐஸ்லாந்து ஞாபகம் வந்தது. திண்ணையில் கூடியிருந்தவர்களுக்குச் சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 8ஆம் தேதி விடிகாலையில் ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் ஊருக்கு வடக்கே தரை பிளந்து லாவா வெளியே வந்தது. அந்த வட்டாரத்தில் வீடுகள் சூடாக இருப்பதே ஸ்வார்ட்செங்கி என்ற புவிவெப்ப நிலையத்திலிருந்து போகிற வெந்நீரால்தான். அன்று பகலுக்குள் லாவா அந்த வெந்நீர்க் குழாயின் மேல் ஏறி உடைத்துவிட்டது. உறையவைக்கிற குளிரில் 20,000 பேருக்கு மேல் வெந்நீர் நின்றுபோனது. அவர்கள் முன்யோசனை உள்ளவர்கள், இப்படி வரும் என்று தெரிந்து மண்ணுக்கு அடியில் மாற்றுக் குழாய் ஒன்றைப் புதைக்க ஆரம்பித்திருந்தார்கள். அவசர அவசரமாக அதை இணைத்துத் தண்ணீரை விட்டார்கள். புதிய லாவாவுக்கு அடியில் போன இடத்தில் அது உடைந்தது. அதற்கு மேல் போய்த் தோண்ட முடியுமா? அப்புறம் தரைக்கு மேலாகவே புதுக் குழாயை வெல்டிங் வைத்து இழுத்தார்கள். அதுதான் சில நாளில் வெந்நீரைத் திருப்பிக் கொடுத்தது.

மேஸ்திரி திண்ணைப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது இரும்பு பைப்பா டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அடியில ஒடைஞ்சா எங்க ஒடைஞ்சுதுன்னு பாக்கவே முடியாது இல்ல, அந்தச் சூட்டுல. அதான் மேல வந்துட்டாங்க" என்றார். எங்கள் கான்கிரீட் பாதைக்கு அடியில் ஒன்பது நாள் தேடியதை நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

வேலை ஆறு நாள் நடந்தது. அதில் எனக்கு மனசில் நிற்பது குழாயை ஒட்டின விதம். இதற்குச் சொல்யூஷன் கிடையாது, வாஷர் கிடையாது. குழாயின் இரண்டு முனையையும் ஒரு இரும்புச் சட்டத்தில் எதிர் எதிராகப் பிடித்துவைத்தார்கள். முதலில் ஒரு சீவுளி வைத்து இரண்டு முகத்தையும் சீவினார்கள். கருப்புச் சுருள் சுருளாக, பென்சில் சீவின மாதிரி விழுந்தது. சுருள் முழு வட்டமாக, அறுபடாமல் வருகிற வரைக்கும் சீவ வேண்டும், அப்போதுதான் முகம் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தோசைக்கல் போல ஒரு தட்டு, மின்சாரத்தில் 210 டிகிரிக்கு மேல் காய்ந்தது. அதை நடுவில் வைத்து இரண்டு முனையையும் அதன் மேல் அழுத்தினார்கள். ஓரம் உருகி மெல்லிசாக ஒரு உதடு மாதிரி திரண்டு வந்ததும் அக்கா மகன் தட்டைச் சடாரென்று உருவினான், மேஸ்திரி இரண்டு முனையையும் சேர்த்து அழுத்தினார். உருகிய உதடு இரண்டும் வெளிப்பக்கமாகச் சுருண்டு ஒன்றை ஒன்று தொட்டு நின்றன.

அப்புறம் காத்திருந்தார்கள். அழுத்தத்தைத் தளர்த்தாமல், குழாயைத் தொடாமல், அது தானாக ஆறும் வரை. ஒவ்வொரு இணைப்புக்கும் அப்படியே. பையன் ஒரு தடவை வாட்டர் பாட்டிலை எடுத்து மேலே ஊற்றப் போனான், மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே இன்னும் இறுகாமல் இருக்கும், இழுவை வந்தால் அந்த இடத்தில்தான் முதலில் விடும் என்று அவனுக்குப் பொறுமையாகச் சொன்னார். ஆறின பிறகு உதட்டைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் இருந்த இணைப்பு ஒன்றை, ஒழுகுகிறதா என்றுகூடப் பார்க்காமல், வாளை எடுத்து அறுத்துவிட்டு மறுபடியும் ஒட்டினார். யாரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நிற்காவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்.

அடுத்து, குழாயை நேராக இழுத்துக் கட்டவில்லை. 140 மீட்டர் இடைவெளிக்கு 150 மீட்டர் குழாய். பாம்பு போல வளைத்து வளைத்துக் கிடத்தினார். பத்து மீட்டர் வீண் இல்லையா என்று கேட்டேன். அதற்கு இரண்டு காரணம். மண் இன்னும் கீழே போனால் குழாயும் கூடவே போவதற்கு இடம் வேண்டும். இன்னொன்று வெயில். கருப்புக் குழாய் மத்தியானம் சூடேறி நீளும், ராத்திரி பனியில் சுருங்கும். ஹெச்டிபிஇ இதில் இரும்பைவிடப் பல மடங்கு. நூறு மீட்டர் குழாய் முப்பது டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய அரை மீட்டர் நீளும். நேராகக் கட்டியிருந்தால் மார்கழி ராத்திரி ஒவ்வொன்றும் இணைப்புகளைப் பிடித்து இழுத்திருக்கும். வெயில் பட்டு வெடிக்காதா என்ற என் ஓர்ப்படியின் கேள்விக்கும் பதில் அந்தக் கருப்பில்தான் இருக்கிறது. கரித்தூள் கலந்திருப்பதால்தான் அது கருப்பு, அந்தக் கரித்தூள்தான் வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. பளபளவென்று கலர் கலராகக் கிடைக்கிற ஓஸை வாங்கி வெயிலில் போடாதீர்கள்.

இரண்டு கரையிலும் வால்வை ஒட்டி யூனியன், அதாவது கழற்றி மாட்டுகிற இணைப்பு, வைத்தார். சரிவில் ஏதாவது ஆனால் இரண்டையும் கழற்றிக் குழாயை அப்படியே தூக்கி ஓரமாகப் போட்டுவிடலாம். மேல் வால்வை மூடினால் ஒரு சொட்டு கூட மண்ணுக்குள் போகாது. என்னைப் பொறுத்தவரை முழு வேலையிலும் இதுதான் பெரிய விஷயம். உடையாத குழாய் என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. உடைந்தால் எந்த வீட்டுப் பெண்ணும் ஓடிப்போய்க் கையால் மூடக்கூடிய இடத்தில் வால்வை வைத்தார். பதினோரு வீட்டுக்காரர்களையும் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொன்னார். எண்பது வயசுப் பாட்டிகூடத் திருப்பினார்கள்.

இப்போது பாதை. குழாயை விடப் பாதைக்குத்தான் சண்டை அதிகம். கீழ் வீட்டில் தை மாசம் கல்யாணம். பந்தல் சாமான், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அந்த நாற்பது அடியைத் தாண்டித்தான் வர வேண்டும். உடனே கான்கிரீட் போட்டே ஆக வேண்டும் என்று கீழ் வீட்டுப் பெரியவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் தவிப்பு எனக்குப் புரிந்தது. மேஸ்திரியும் கோபப்படவில்லை. "கல்யாணத்துக்கு நடக்கப் பாதை தர்றேன் அண்ணா, காருக்குத் தர முடியாது" என்றார்.

அவர் போட்டது கம்பி வலைப் பெட்டிச் சுவர். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், வலைக் கூடைக்குள் கல்லை அடுக்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். சிமெண்டே கிடையாது. கல் சந்து வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், அதனால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் தள்ளாது. மண் கொஞ்சம் நகர்ந்தால் கூடையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கல் வெளியிலிருந்து வாங்கவில்லை, சரிவோடு இறங்கி வந்த கல்லையே அந்த இரண்டு அக்காமார்களும் பொறுக்கித் தரம் பிரித்தார்கள். பெரிய கல் வெளி முகத்துக்கு, சின்னது உள்ளே. அவர்கள் கல்லை அடுக்கின நேர்த்தியைப் பார்க்க வேண்டும், தட்டையான முகம் வெளியே தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டி வைத்தார்கள். சுவருக்கு மேலே மண்ணைக் கெட்டித்துக் கல் பாவி நடைபாதை. பாதைக்கு மேல் பக்கம், மழைத்தண்ணீர் சரிவுக்குள் போகாமல் ஓடைக்குத் திருப்புகிற மாதிரி ஒரு வடிகால். நீலகிரியில் ஜேசிபி இறக்க அனுமதி வாங்க வேண்டும், இங்கே இறக்கவும் இடமில்லை. எல்லாம் கையால்தான்.

பெரியவரிடம் நான் ஹவாயைப் பற்றிச் சொன்னேன். 2018 மே மாசம் கிலவேயா எரிமலை வெடித்து ஆகஸ்டு வரை லாவா ஓடியது. 700 வீடுகளுக்கு மேல் போயின, ஏறக்குறைய 30 மைல் சாலை லாவாவுக்கு அடியில் போனது. அதில் 132ஆம் எண் நெடுஞ்சாலையை உறைந்த லாவாவின் மேலேயே வெட்டித் திறந்தது 2019 நவம்பரில். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியும், சாலை போடுகிறபோது உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை. பணமும் இயந்திரமும் குறைவில்லாத நாடு அது. "அவங்க ஊர்ல சூடு ஆறணும், நம்ம ஊர்ல ஈரம் ஆறணும்" என்று பெரியவரே சொன்னார். கல்யாணச் சாமானை அந்தக் கல் பாதையில்தான் சுமந்து கொண்டுவந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கார் மேலே மெயின் ரோட்டில் நின்றது. பெண்ணைக் குடை பிடித்து நடத்திக் கூட்டிப் போனோம்.

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும், அது வாழை போடுகிற ஊர் என்பதால் என் மனசுக்கு நெருக்கம். ஸ்பெயினைச் சேர்ந்த லா பால்மா தீவு. 2021 செப்டம்பர் 19 முதல் டிசம்பர் 13 வரை 85 நாள் லாவா ஓடியது. 70 கிலோமீட்டருக்கு மேல் சாலை அழிந்தது. லாவா வாழைத் தோட்டங்களை எரித்தது மட்டும் இல்லை, தப்பித்த தோட்டங்களுக்குப் போன பாசனக் குழாய்களையும் துண்டித்தது. மரம் பச்சையாக நிற்கிறது, தண்ணீர் இல்லை. கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கித்தான் வாழையைக் காப்பாற்றினார்கள். எங்கள் குடியிருப்பிலும் அப்படித்தான் நடந்தது. மண் ஒரு வீட்டையும் தொடவில்லை. தண்ணீர் நின்றதாலேயே இரண்டு வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வந்தது இந்தக் குழாய் வந்த பிறகுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, போன் எடுக்க மாட்டார். வேலையில் இருந்தால் சாயங்காலம் ஆறுக்கு மேல்தான் பேச முடியும். அவசரத்துக்குப் போன் செய்கிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். இரண்டாவது, பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். பதினோரு வீட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய எனக்கு அது போதவில்லை, நானே உட்கார்ந்து கடைப் பில்லையும் கூலியையும் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. மூன்றாவது, பதினைந்து நாள் காக்க வேண்டும் என்பதை வந்த அன்றே எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கியிருக்கலாம். முளை ஏன், நோட்டு ஏன் என்று அவர் வாயால் இரண்டு நிமிஷம் சொல்லியிருந்தால் அத்தனை மனவருத்தம் வந்திருக்காது.

மேலே கிடக்கிற குழாய்க்கே உரிய தொல்லைகளும் உண்டு. பங்குனி சித்திரையில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொட்டியில் விழுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முதல் வாரம் பிளாஸ்டிக் வாசம் இருந்தது, அப்புறம் போய்விட்டது. காட்டெருமை பயம் நியாயமானதுதான் என்பதும் தெரிந்தது. அவை வழக்கமாக நடக்கிற தடம் இரண்டு இடத்தில் குழாயைக் கடக்கிறது. ஒரு இடத்தில் குழாயை இரும்புப் பைப்புக்குள் நுழைத்துக் கல் வைத்துப் பாதுகாத்திருந்தார். இன்னொரு தடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். ஆடி மாசம் அங்கே மிதித்துக் குழாய் நசுங்கிவிட்டது. உடையவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்தது. சொன்ன மறுநாள் வந்து அந்த முழத்தை வெட்டி மாற்றி, அங்கேயும் இரும்பு உறை போட்டார். உறைக்கு மட்டும் காசு வாங்கினார். கவனிக்காமல் விட்டது தன் தப்பு என்று தானாகவே சொன்னார். இந்த ஒரு சொல்லை முதல் ஆளிடம் நாங்கள் எவ்வளவு எதிர்பார்த்தோம்.

செலவு மொத்தம் 1,48,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு 13,500க்குள். இதில் பாதிக்கு மேல் வலைப் பெட்டிச் சுவருக்கும் வடிகாலுக்கும் போனது. குழாய், வால்வு, யூனியன் எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். மீதி கூலி. பொருளை எங்களையே கடைக்குக் கூட்டிப்போய் வாங்கவைத்தார், குழாய் மேல் அச்சடித்திருக்கிற ரகத்தையும் அழுத்தத்தையும் படித்துக் காட்டி. அச்சு இல்லாத குழாயை எடுக்காதீர்கள் என்றார். இரண்டு வீட்டுக்காரர்கள் தவணையில் கொடுத்தார்கள், ஒப்புக்கொண்டார்.

இந்த வருஷ ஐப்பசியிலும் நல்ல மழை. ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டிய மறுநாள் விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வடிகாலில் செம்மண் தண்ணீர் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வலைச் சுவர் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது, ஒரு கல்லும் விழவில்லை. குழாய் ஒரு வளைவில் நேராகியிருந்தது. அவர் விட்டுவைத்த பத்து மீட்டரில் கொஞ்சத்தை மண் எடுத்துக்கொண்டிருந்தது. இணைப்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. கீழே வந்தால் தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு ஒரு வாரத்தில் கான்கிரீட் பாதையும் கண்ணுக்குத் தெரியாத குழாயும் வேண்டும் என்றால் இவர் சரிப்பட மாட்டார், அவரே முடியாது என்று சொல்லிவிடுவார். சரிந்த இடத்துக்கு நடுவே தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்றால் இவர் மாதிரி ஒருவரைத் தேடுங்கள். வந்ததும் விலை சொல்கிறாரா, முளை அடிக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் பக்கம் உள்ளவர்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் விசாரித்தாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

நடு முளைகள் கடைசி ஐந்து வாரமாக அசையவில்லை. நேற்று சாயங்காலம் ஆறரைக்குப் போன் செய்து சொன்னேன். தை பிறந்ததும் வந்து பார்க்கிறேன், அதுவரை எழுதுவதை நிறுத்த வேண்டாம் டீச்சர் என்றார். நோட்டில் இன்னும் பதினான்கு பக்கம் இருக்கிறது.